அத்தை கயிற்றைத் தாண்டும் வரை

புதுச்சேரியில் கோரிமேட்டைத் தாண்டி மேற்கே போனால் ஓர் ஏரி. மழைக்காலத்தில் மட்டும்தான் அது ஏரி. பங்குனி பிறந்ததும் தண்ணீர் வற்றி, மண் பாளம் பாளமாக வெடித்து, கிரிக்கெட் ஆடுகிறவர்களும் ஸ்கூட்டி ஓட்டப் பழகுகிறவர்களும் அதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்தப் பங்கில் சில ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் எங்களுக்கு. நாங்கள் என்றால் மாதிரி ராக்கெட் விடுகிறவர்கள். ஒரு பல் டாக்டர் அம்மா, கல்லூரி ஆசிரியர்கள் இரண்டொருவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்புறம் நான்.

முதலில் லாஸ்பேட்டையில் ஒரு மைதானத்தில்தான் விட்டுக்கொண்டிருந்தார்களாம். பக்கத்தில் விமான நிலையம். அங்கே விமானம் வருவதே அபூர்வம். ஆனாலும் வருகிற அந்த ஒன்று நம்முடையதைப் பார்த்து மிரண்டுவிடக் கூடாது என்று ஏரிக்கு மாறிவிட்டார்கள்.

ஏரியின் கிழக்குக் கரை புதுச்சேரி. மேற்குக் கரைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. காலையில் காற்று அசையாமல் கிடக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று எழும்பும். அதற்குப் பிறகு பாராசூட்டில் இறங்குகிற ராக்கெட்டெல்லாம் மேற்கே மிதந்து போய் அடுத்த மாநிலத்தில் இறங்கும். செக்போஸ்டில் நிற்காமல் பாண்டியிலிருந்து தமிழ்நாட்டுக்குள் போகிற ஒரே வாகனம் நம்முடையதுதான், அதில் ஒரு குவார்ட்டர் வைத்து அனுப்பினால் என்ன என்று பென்ஷன் பெரியவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் முறைப்பார். பெரியவரை எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவோம். கவுன்ட்டவுன் சொல்வதில் இவர்கள் இருவருக்கும் என்றோ சண்டை வந்து ஓர் உடன்படிக்கை ஆகியிருந்தது. பத்திலிருந்து ஆறு வரை டாக்டரம்மா தமிழில் எண்ணுவார். ஐந்திலிருந்து முசியே பிரெஞ்சில். இது ஏன் இப்படி என்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்பதுண்டு. பழைய பிள்ளைகள் சைகையால் அடக்கிவிடுவார்கள்.

என் வேலை பேடு. அது ஒரு மூன்று கால் ஸ்டாண்டு, அதன் நடுவில் நிமிர்ந்த ஒரு கம்பி. ராக்கெட்டை அந்தக் கம்பியில் கோத்து நிறுத்த வேண்டும். அடியில் மோட்டாருக்குள் இக்னைட்டர் என்கிற மயிரிழைக் கம்பியைச் செருகி, ஒயர் கிளிப்புகளை மாட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ஒயரின் மறுமுனை தூரத்தில், பேடைச் சுற்றிக் கட்டிய எல்லைக் கயிற்றுக்கு வெளியே, மேஜைமேல் இருக்கும் பெட்டிக்குப் போகிறது. பெட்டிக்குள் பைக் பேட்டரி, மேலே ஒரு சிவப்புப் பொத்தான், பக்கத்தில் ஒரு சாவித் துவாரம். சாவி இருந்தால்தான் பொத்தானுக்கு உயிர். பேடுக்குப் போகிறவன் அந்தச் சாவியைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். திரும்பி வந்து, கயிற்றுக்குள் ஆள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, அவனேதான் திரும்பவும் செருக வேண்டும். அவன் குனிந்திருக்கும்போது வேறு யாராவது பொத்தானை அழுத்திவிட்டால் ராக்கெட் அவன் முகத்தில்தான் கிளம்பும். அதற்காகத்தான் இந்த விதி.

விதிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் அச்சடித்த தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அம்மா பஸ் நம்பரை அடையாளம் கண்டுகொள்வாள். அதனாலோ என்னவோ, அச்சில் வந்த எதையும் நான் அப்படியே நம்பிவிடுகிறவன். மருந்து பாட்டிலில் நன்றாகக் குலுக்கவும் என்று போட்டிருந்தால், இருமிக்கொண்டிருக்கும் அப்பா கையை நீட்டியபடி காத்திருக்க, நான் குலுக்கிக்கொண்டே இருப்பேன். ராக்கெட் விதிகளையும் அப்படித்தான் மனப்பாடம் செய்திருந்தேன். எல்லைக் கயிற்றில் சிவப்புக் கொடிகள் கட்ட வேண்டும் என்று அதில் ஒரு வரி. அம்மாவின் நைந்துபோன சிவப்புப் புடவை ஒன்றைக் கேட்டு வாங்கி, கிழித்து, ஏரி முழுக்கக் கட்டியிருந்தேன்.

அம்மாவிடம் நான் சொன்னது ஒரு வாக்கியம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டாள். ராக்கெட் விட என்றேன். அன்று மாலைக்குள் தெருக்குழாயில், ரேஷன் கடையில், அம்மா சமையல் வேலை பார்க்கும் லாஸ்பேட்டை ஹாஸ்டலில் எல்லாம் நான் ராக்கெட் விடுகிறவன் ஆகியிருந்தேன். அதில் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. லேப் அசிஸ்டென்ட் என்கிற என் வேலையை அவளால் யாருக்கும் விளக்க முடிந்ததே இல்லை. காலேஜில் இருக்கிறான் என்பாள். வாத்தியாரா என்பார்கள். இல்லை என்பாள். பேச்சு அதோடு படுத்துவிடும். ராக்கெட்டுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை.

கஷ்டம் இரண்டு வீடு தள்ளி இருந்தது. அத்தை, அப்பாவின் அக்கா. அவளுடைய மருமகன் பிரான்சில் இருக்கிறார். ஆகவே எங்கள் தெருவில் எது பெரியது, எது சின்னது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவளிடம்தான். அது தீபாவளிக்கு பாட்டிலில் செருகி விடுகிறதுதான், வேறொன்றுமில்லை என்று தீர்ப்பானது. அத்தை அதை அம்மாவிடம் சொல்லவில்லை. தெருவிடம் சொன்னாள். மறுநாள் குழாயடியில் இரண்டு பெண்கள் அம்மாவை நிறுத்தி, வீட்டில் காலி பாட்டில் கிடக்கிறது, பிள்ளைக்கு வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

அம்மா குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்தாள்.

"நீ வுடுறத நாங்க வந்து பாக்கலாமா?" என்று கேட்டாள்.

பார்வையாளர்களுக்கு அனுமதி உண்டு என்று தாளில் இருந்தது. வரலாம் என்றேன். ஆனால் சின்னதாகத்தான் இருக்கும், நீ எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது என்று இரண்டு முறை சொன்னேன்.

"டிவில காட்டுறதும்தான் சின்னதா தெரியுது," என்றாள் அம்மா.

அவள் அத்தையிடம் நேராகப் போய், அண்ணி, நீங்களும் வந்து உங்கள் கண்ணாலேயே பாருங்கள் என்று அழைத்துவிட்டாள். கூடவே, பாட்டில் தருவதாகச் சொன்ன இரண்டு பேரையும். அவர்களைக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களை விட முடியுமா? அப்பா குட்டியானை ஓட்டுகிறவர். வாரமெல்லாம் தண்ணீர் கேன் ஏற்றும் வண்டி. அந்த ஞாயிறு கேன்களை இறக்கிவைத்துவிட்டு, பின்னால் தார்ப்பாய் விரித்து, தெருவை ஏற்றிக்கொண்டு வந்தார்.

இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அவர்கள் வந்தபோது நான் முதுகைக் காட்டிக்கொண்டு பேடில் உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகளின் குட்டி ராக்கெட்டுகள் காலையிலேயே போய்விட்டிருந்தன. கடைசியாக எங்கள் குழுவின் பெரிய ராக்கெட். அட்டைக் குழாயைச் சுருட்டி, மூக்கைச் சீவி, மஞ்சள் பெயின்ட் அடித்து, நாங்கள் எல்லோரும் சேர்ந்து மாதக்கணக்கில் செய்தது. என் இடுப்பு உயரம். அதைவிடப் பெரிதை அந்த ஏரி கண்டதில்லை. பொத்தானை அழுத்த ஒரு சிறப்பு விருந்தினரை அழைத்திருந்தோம். ஓய்வுபெற்ற அதிகாரி, குடை பிடித்துக்கொண்டு நின்றார். தமிழும் பிரெஞ்சுமாக எண்ணி முடித்தார்கள். விருந்தினர் அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். இக்னைட்டர் வேலை செய்யவில்லை. இது நடக்கிறதுதான். விதிப்படி கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, சாவியைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இக்னைட்டரை மாற்ற நான் தனியாகப் போனேன்.

புதியதைச் செருகி, கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மெகாபோனில் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. பல் பிடுங்கும்போது வலிக்காது என்று சொல்வாரே, அந்த மென்மையான குரல். கயிற்றுக்குள் இருக்கும் பெற்றோர்கள் தயவுசெய்து வெளியே வரவும் என்றார். யார் வீட்டுப் பெற்றோர்களோ, விதி தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

ஏரிக்குள் நிழல் என்று இருப்பது ஒரே ஒரு கருவேல மரம். அது கயிற்றுக்கு உள்ளே இருக்கிறது. அதன் அடியில் தார்ப்பாயை விரித்து, புளிச்சோற்றுத் தூக்கை நடுவில் வைத்து, செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டுவிட்டு, எட்டுப் பத்துப் பேர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அம்மா. அவளுக்கு வலப்புறம் அத்தை, சுவர்போல நிமிர்ந்து. மகன் உள்ளே இருக்கிறான், ஆகவே உள்ளே போவது என்று கயிற்றைத் தூக்கிக் குனிந்து நுழைந்து வந்திருக்கிறார்கள். அப்பா மட்டும் கயிற்றுக்கு வெளியே வண்டியோரம் நின்றார். கயிறு கட்டியிருந்தால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று டிரைவர்களுக்குத் தெரியும்.

நான் ஓடினேன்.

"தோ வந்துட்டான்," என்று அம்மா மற்றவர்களுக்கு என்னைக் காட்டினாள். என்னிடம், "சாப்டியா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். கயிற்றுக்குள் யாரும் இருக்கக் கூடாது, எல்லோரும் எழுந்து அந்தப் பக்கம் வர வேண்டும் என்றும் சொன்னேன். முடிந்தவரை மரியாதையாகத்தான். ஆனால் தாளில் இருக்கிற மாதிரியே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பாதுகாப்பு எல்லைக்கு வெளியே என்று வந்துவிட்டது.

"கயித்துல கட்டியிருக்கறது எம் பொடவடா," என்றாள் அம்மா. "எம் பொடவைய கட்டிட்டு என்னையே வராதன்றியா?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் கழுத்தில் சாவி இருந்தது, ஏரிக்கு அந்தப் பக்கம் மொத்தக் கூட்டமும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை சிரிக்கவில்லை. அவள் கையை நெற்றிக்குக் கொடுத்து ஏரியைச் சுற்றிலும் பார்த்தாள். பார்வை மேற்குக் கரையில் போய் நிலைத்தது. அங்கே நின்ற செல்போன் டவரை அண்ணாந்து, அடி முதல் நுனி வரை, குறை கண்டுபிடிக்க முடியாத முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருந்திருக்கலாம். அங்கே இல்லை அத்தை, இங்கே, கீழே என்று நான் கையைக் காட்டினேன்.

அத்தையின் பார்வை இறங்கியது, இறங்கிக்கொண்டே வந்து பேடில் நின்றது.

"இம்மாந்தானா?" என்றாள்.

கண்ணைச் சுருக்கி இன்னொரு முறை பார்த்தாள்.

"எங்கூட்டு ஒலக்க இதவிட உசரம்."

பாட்டில் தருவதாகச் சொன்ன இருவரில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அம்மா தார்ப்பாயில் இல்லாத ஒரு சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். அவள் தலை குனிந்திருந்ததால் வகிடு மட்டும் எனக்குத் தெரிந்தது. மாதிரி ராக்கெட்டின் உயரத்துக்கும் அது போகிற உயரத்துக்கும் உள்ள விகிதத்தை அத்தைக்கு விளக்கலாமா என்று நான் யோசித்தேன். அப்படி யோசிக்கிற ஆள்தான் நான். நல்லவேளை, மெகாபோன் குறுக்கிட்டது. மென்மை கொஞ்சம் குறைந்திருந்தது. சாவி எங்கே, காற்று எழும்பப் போகிறது, சாவி வேண்டும் என்றது.

"என்னா சாவி?" என்றாள் அத்தை.

கழுத்துக் கயிற்றில் தொங்கியதை எடுத்துக் காட்டினேன். இதைப் போட்டால்தான் அது கிளம்பும் என்றேன்.

"போடாட்டி?"

"போவாது அத்த."

"வேற யாராவது போட்டா?"

"போடக் கூடாது. யாரு பேடுக்கு வந்தாங்களோ அவங்கதான் போடணும்."

"தோ, கொட புடிச்சிகினு நிக்கிறாரே, அவரு?"

"அவரு பொத்தான அழுத்துறவரு. சாவி இல்லாட்டி அழுத்திகினே நிக்க வேண்டியதுதான்."

அத்தை சாவியைப் பார்த்தாள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ராக்கெட் தெரியாது. சாவி தெரியும். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் வீட்டு அரிசிப் பெட்டிச் சாவி அத்தையின் இடுப்பில் இருந்ததாம். அத்தை புருஷன் வீட்டுக்குப் போனபோதே அது அவள் இடுப்போடு போயிருந்தது. அவள் வந்து திறந்து அளந்து கொடுத்தால்தான் அம்மா உலை வைக்க முடியும். நான் பிறந்த பிறகுதான் சாவி அம்மாவின் கைக்கு வந்தது. இதை அம்மா கோபமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அடிக்கடி சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"நாங்க இங்க குந்தியிருந்தா நீ சாவி போட மாட்டியா?"

"மாட்டேன்."

"அவங்க சொன்னாகூட?"

"யாரு சொன்னாலும் போடக் கூடாதும்மா. ரூல்ஸ்."

அம்மா திரும்பிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். குடை பிடித்த அதிகாரி, மெகாபோனோடு டாக்டரம்மா, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்த முசியே, வரிசையில் நின்ற பள்ளிப் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள். எல்லா முகங்களும் கருவேல மரத்தைப் பார்த்திருந்தன.

"அப்ப அவங்க எல்லாரும் நமக்காவத்தான் நிக்கிறாங்களா?"

ஆமாம் என்றேன். அது உண்மைதான். நான் அதை ஒரு புகாராகத்தான் சொன்னேன்.

அம்மா எழுந்தாள். எழுந்த விதமே வேறாக இருந்தது. புடவைக் கொசுவத்தை உதறிச் சரிசெய்தாள். மற்றவர்களை எழுப்பி, தார்ப்பாயை நாலாக மடிக்கச் சொன்னாள். மடித்தது கோணலாக இருக்கிறது என்று பிரித்து மறுபடி மடிக்கச் சொன்னாள். பிறகு நடந்தாள். லாஸ்பேட்டை பஸ்ஸைப் பிடிக்க நிறுத்தத்துக்கு ஓடுகிற அம்மாவை எனக்குத் தெரியும். இந்த நடை எனக்குத் தெரியாது. தேர் வடம் பிடிக்கப் போகிறவள் மாதிரி, ஒவ்வோர் அடிக்கும் ஏரி மண் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பதுபோல நடந்தாள். பின்னால் தெரு. அதற்குப் பின்னால், மேய்ப்பவன் மாதிரி, கைகளை விரித்துக்கொண்டு நான்.

கயிற்றுக்கு வெளியே வந்ததும் டாக்டரம்மா அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். அந்த நேரத்திலும் அவருக்கு அது தோன்றியது பெரிய விஷயம். எல்லோரும் வந்துவிட்டார்களா அம்மா, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். அம்மா ஹாஸ்டல் பிள்ளைகளைப் பந்தியில் எண்ணுகிற பழக்கத்தில் தலைகளை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். கடைசித் தலையில் விரல் நின்றது.

"ஒருத்தர் கொறையுது," என்றாள்.

என் விரித்த கைகளுக்குத் தப்பி அத்தை வழியிலேயே திரும்பிப் போயிருந்தாள். புளிச்சோற்றுத் தூக்கு மரத்தடியிலேயே நின்றுவிட்டதாம். காக்கைக்கு விட்டுவிட்டு வர அவளால் முடியாது. பரந்த ஏரிக்கு நடுவில் அத்தை மட்டும் தனியாக இருந்தாள். தூக்கை எடுத்தாள். மூடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு வரத் தொடங்கினாள். பாதி வழியில் பேடு. அங்கே நின்று ராக்கெட்டைப் பக்கத்தில் பார்த்தாள். நான் கத்தினேன். தொடக் கூடாது என்று டாக்டரம்மா மெகாபோனில் சொன்னார். அத்தை தொடவில்லை. தூக்கு இல்லாத கையை ராக்கெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், உயரம் அளந்துவிட்டு வந்தாள். முசியே ஏதோ பிரெஞ்சில் முணுமுணுத்தார். அது கெட்ட வார்த்தை என்பது பிள்ளைகளின் முகத்தில் தெரிந்தது. விருந்தினர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

காற்று லேசாக எழும்பியது. புடவைக் கொடிகள் அசைந்தன. அம்மா கயிற்றருகே போய் நின்றுகொண்டாள். அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த வெட்டவெளியில் அது எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணி, சீக்கிரம் வாங்க. எம்புள்ள சாவி போடணும்."

அத்தை ஒருகணம் நின்றாள். பிறகு, என் வாழ்நாளில் நான் பார்க்காத ஒன்றாக, நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டாள்.

கயிற்றை அம்மாதான் தூக்கிப் பிடித்தாள். அத்தை குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். நான் ஒருமுறை எல்லைக்குள் முழுக்கப் பார்வையை ஓட்டினேன். கருவேல மரம், காக்கை, ராக்கெட், வேறு யாரும் இல்லை. கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிச் செருகினேன். பெட்டியில் சின்ன விளக்கு எரிந்தது. டாக்டரம்மா பத்து என்றார். தெருப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆறு வரை ஏரியே எண்ணியது. அதற்குப் பிறகு முசியே தனியாக, சேங்க், காத்ர், த்ருவா, தே, அன்.

மாதிரி ராக்கெட் கிளம்புவதைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிவியில் வருவதுபோல அது யோசித்து யோசித்து எழும்பாது. புஸ்ஸென்று ஒரு சத்தம், கம்பி காலி. கண்ணை அங்கேயே வைத்திருந்தவனுக்குத்தான் அது கிடைக்கும். மஞ்சளாக ஒரு கோடு மேலே போனது, நூல்போல வெள்ளைப் புகை, அப்புறம் வானத்தில் ஒரு புள்ளி, அப்புறம் அதுவும் இல்லை. பிள்ளைகள் கத்தினார்கள். அம்மா வாயைத் திறந்தபடி நின்றாள். நெற்றியில் வெயில் பளிச்சென்று அடித்தது, அவள் கண்ணைச் சுருக்கக்கூட இல்லை.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை குனிந்திருந்தாள். இடுப்புத் தூக்கைத் தரையில், மண் படாமல், ஒரு காகிதத்தின் மேல் சரியாக இறக்கிவைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது பேடில் ஒன்றுமில்லை. அவள் கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஊரே அண்ணாந்திருப்பதைப் பார்த்தாள். பிறகு தானும் சட்டென்று அண்ணாந்து, நெற்றிக்குக் கை கொடுத்து, வானத்தில் எதிர்ப் பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அம்மாவும் இதைப் பார்த்துவிட்டாள். அண்ணாந்திருந்த முகத்தை இறக்கி, அத்தையைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி மேலே திருப்பிக்கொண்டாள்.

பாராசூட் விரிந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அத்தையும் தட்டினாள். கடற்காற்று அதைப் பிடித்துக்கொண்டது. ஆரஞ்சுப் பாராசூட்டும் அதன் கீழே மஞ்சள் ராக்கெட்டுமாக ஆடி ஆடி, ஏரியைக் கடந்து, கரையைக் கடந்து, புதுச்சேரியையே கடந்து போயிற்று. நான் சாவியைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடினேன். அந்தப் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில், பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடிக் குவியலின் மேல் அது படுத்திருந்தது. மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த கொல்லைக்காரர் எங்களுக்குப் பழகியவர். ராக்கெட்டை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தடவையும் காலியாகத்தான் அனுப்பினார்களா என்று கேட்டுக் கொடுத்தார். முசியேயின் யோசனை எல்லை தாண்டிப் போயிருந்தது.

திரும்பி வந்தபோது கயிறு அவிழ்க்கப்பட்டு, மரத்தடியில் தார்ப்பாய் மறுபடி விரிக்கப்பட்டிருந்தது. டாக்டரம்மாவும் விருந்தினரும் புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குடை இப்போது பாட்டில்காரப் பெண்களில் ஒருத்தியின் கையில் இருந்தது. அவள் விருந்தினருக்குப் பிடிக்கிறாளா தனக்குப் பிடிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. முசியே அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மருமகன் பிரான்சில் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை தெருவில் அத்தையின் குரல் கேட்டது. நான் வாசலில் பேட்டரிக்கு சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அத்தை முதலில் எதிர்வீட்டில் சொன்னாள். சின்னதுதான், ஆனால் மின்னல் மாதிரி போனது என்று. அடுத்த வீட்டில் அது ஆள் உயரம் ஆயிற்று. அதற்கடுத்த வீட்டு வாசலில், கண் இருக்கிறவனுக்கே தெரியாத வேகம், பிரான்சில் விடுகிறார்களே அதே கணக்கு, ஒரு பிரெஞ்சுக்காரரே வந்து எண்ணினார் என்றாள். ராக்கெட் என் இடுப்பளவுதான், முசியே பாண்டி முத்தியால்பேட்டைக்காரர் என்று திருத்துவதற்காக நான் எழுந்தேன்.

"குந்துடா," என்றாள் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

உட்கார்ந்தேன். அத்தையின் குரல் தெருக்கோடி வரை போயிற்று. எந்தப் பெரிய மனுஷன் நின்றாலும் சரி, என் தம்பி மகன் சாவி போடாமல் அங்கே ஒன்றும் நகராது என்பதுதான் ஒவ்வொரு வீட்டிலும் அவள் முடித்த வரி. அது மட்டும் வளரவே இல்லை. முதல் வீட்டில் சொன்ன அதே அளவில் கடைசி வீடு வரை போயிற்று. அம்மா உரித்த வெங்காயம் அன்றைய குழம்புக்குத் தேவையானதைவிட அதிகம்.

இருட்டுவதற்கு முன் அத்தை எங்கள் வாசலுக்கு வந்தாள். அம்மா உள்ளே அடுப்படியில் இருந்தாள். அத்தை அதை எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, என்னிடம் குனிந்தாள்.

"டேய், அது நெசமாவே மேல போச்சா?"

"போச்சு அத்த. நீங்க கயித்துக்கு இந்தாண்ட வந்தப்புறம்தான் போச்சு."

அத்தை நிமிர்ந்தாள். அந்த நிமிர்வில் பழைய அத்தை திரும்பி வந்திருந்தாள்.

"அதான பாத்தேன். நான் வராம எப்டி வுடுவீங்க?" என்று சொல்லிவிட்டு, உள்ளே திரும்பி, குழம்பு கொதிக்கிற வாசனை தன் வீடு வரை வருகிறது, ஒரு கிண்ணம் எடுத்து வை என்று அம்மாவிடம் சொன்னாள்.